பின்னல் ஊசிக்கு ஒரு பை

ஹைதராபாத்தின் பாலாநகர் கருவிகளின் ஊர். மத்திய கருவி வடிவமைப்பு நிலையம் 1968 முதல் இங்கே இயங்குகிறது. ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் விமான மின்னணுப் பிரிவு அதற்கும் மூன்று வருடம் மூத்தது. மில்லிமீட்டரை நூறு கூறாக்கிப் பேசுகிற இந்த வட்டாரத்தில் எந்தக் கருவியும் அநாதையாகக் கிடப்பதில்லை. வெர்னியர் காலிப்பருக்கு உறை உண்டு, மைக்ரோமீட்டருக்குப் பெட்டி உண்டு. ஆனால் பட்டறையிலிருந்து திரும்பும் மனிதரின் வீட்டில், மனைவி இரண்டு மாதமாகப் பின்னிக்கொண்டிருக்கும் குழந்தை ஸ்வெட்டரும் அதன் ஊசிகளும் எங்கே இருக்கும்? அநேகமாக ஏதோ ஒரு ஜவுளிக்கடை கொடுத்த பழைய பிளாஸ்டிக் பையில்.

இது அலட்சியம் மட்டுமல்ல, ஒருவித மதிப்பீடும்கூட. சம்பளம் தரும் வேலையின் கருவிக்குத்தான் பெட்டி. பொழுதுபோக்கு என்று பெயர் வைக்கப்பட்டதற்குக் கிடைத்த பை போதும்.

அந்தப் பெயரின் விலை என்ன என்பதற்கு அதிக தூரம் போக வேண்டாம். ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் நர்சாபூர் என்றொரு ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் கற்றுக்கொடுத்த குரோஷா லேஸ் வேலை, சுற்றுவட்டாரக் கிராமங்களில் பெண்களின் கைத்தொழிலாக வேரூன்றியது. ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே ஆய்வு செய்து 1982-ல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது எளிய உண்மை. உலகச் சந்தைக்குப் போகும் சரக்கை இந்தப் பெண்கள் நாளில் பல மணி நேரம் உழைத்து உருவாக்குகிறார்கள். ஆனால் 'வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது' என்று சொல்லியே கூலி அடிமட்டத்தில் வைக்கப்படுகிறது. வியாபாரமும் லாபமும் ஆண்கள் பக்கம். நர்சாபூர் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2024-ல்தான்.

கையால் செய்த பை ஒன்று கூலியை உயர்த்திவிடாது. ஆனால் பின்னல்காரிக்கு அது வேறொரு காரியம் செய்யும். அவளுடைய நேரம் முழுசாகக் கிடைப்பதில்லை. பள்ளி வாசலில் இருபது நிமிடம், ரேஷன் கடையில் அரை மணி, ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒரு மணி என்று துண்டு துண்டாகவே வரும். எடுத்த உடனே வேலை தொடங்க வேண்டும், கூப்பிட்ட உடனே மூடி வைத்துவிட்டு எழ முடிய வேண்டும். சிக்கெடுக்கவே பத்து நிமிடம் போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

பிளாஸ்டிக் பை இங்கேதான் காலை வாருகிறது. ஊசி முனை அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். தரையில் வைத்தால் சரிந்து, நூல்கண்டு உருண்டோடும். ஊசி நழுவினால் அதுதான் பெரிய ஆபத்து. குரோஷாவில் எந்த நேரமும் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணி. ஒரு ஊக்கைக் குத்திவிட்டால் பத்திரம். இரட்டை ஊசிப் பின்னலில் அப்படியல்ல. வரிசையில் நூற்றிருபது கண்ணிகள் இருந்தால் நூற்றிருபதும் ஊசியின் மேல் உயிரோடு நிற்கின்றன. ஊசி உருவிக்கொண்டால் ஒவ்வொன்றும் ஏணிப்படி போலக் கீழே அவிழ்ந்து இறங்கும். இரண்டு மாத உழைப்பு பஸ் பயணத்தில் பாழாகும்.

தமிழ் வீடுகளில் இதற்கு ஒரு காலத்தில் ஒயர் கூடை பயன்பட்டது. நிமிர்ந்து நிற்கும், கழுவலாம், அதையும் பெண்களே பின்னினார்கள். ஆனால் ஒயர்களின் இடுக்கு வழியே ஊசி எட்டிப் பார்க்கும், உல்லன் நூல் முடிச்சில் மாட்டி இழை பிரியும். அதைவிடப் பொருத்தமான முன்னோடி பாட்டிகளின் இடுப்பில் இருந்த சுருக்குப் பைதான். நாடாவை இழுத்தால் வாய் மூடும், விரலை விட்டால் திறக்கும். ஜிப்பின் பற்கள் உல்லனைக் கடித்துப் பிடிக்கும். வெல்க்ரோவோ அதைவிட மோசம், நூலைக் கண்டாலே ஒட்டிக்கொள்ளும். நாடாவுக்கு இந்தக் குற்றம் எதுவும் கிடையாது.

அமெரிக்கா 1917-ல் உலகப் போரில் இறங்கியபோது, செஞ்சிலுவைச் சங்கம் சிப்பாய்களுக்குக் காலுறையும் ஸ்வெட்டரும் கேட்டது. பின்னல் பை திடீரென்று அங்கே நாகரிகமாயிற்று. ரயிலிலும் பொதுக்கூட்டத்திலும் கையில் பையோடு பெண்கள். தேசம் கேட்டவுடன் பொழுதுபோக்கு கடமையாகிவிட்டது, பைக்கும் அந்தஸ்து வந்துவிட்டது!

சரி, பைக்கு வருவோம். அளவைத் தீர்மானிப்பது ஊசிதான். சந்தையில் கிடைக்கும் நீள ஊசி பெரும்பாலும் 35 செ.மீ. (அந்த ஊசிகளில் பெயர்பெற்ற 'போனி' நீலகிரியின் கேத்தியிலிருந்து வருகிறது. 1949-ல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸின் சரக்கு. ஊட்டிக் குளிரில் பிறந்த ஊசி, ஹைதராபாத்தின் பெயரளவுக் குளிருக்கு ஸ்வெட்டர் பின்னுகிறது.) ஊசி பையின் அடியில் படுத்துக் கிடக்க வேண்டுமானால் அடிப்பாகம் 37 செ.மீ. நீளமாவது இருக்க வேண்டும்.

44 அங்குலப் பன்னாவில், அதாவது 112 செ.மீ. அகலத்தில், கெட்டியான காட்டன் துணி 60 செ.மீ. நீளம் வாங்கினால் போதும். செகந்திராபாத் ஜெனரல் பஜாரில் கட் பீஸாகவே கிடைக்கும். போச்சம்பள்ளிக் கைத்தறி அழகுதான், ஆனால் நெசவு இளகலாக இருந்தால் ஊசி முனை துளைக்கும். கேன்வாஸோ பழைய ஜீன்ஸோ உத்தமம். லைனிங்குக்கு வெளிர் நிற பாப்ளின் 80 செ.மீ. கறுப்பு லைனிங் போட்டால் உள்ளே விழுந்த ஊக்கைத் தேடியே கண் வலிக்கும். இரண்டையும் ஒரு முறை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே கத்தரி. சுருங்க வேண்டியது முன்பே சுருங்கிவிட வேண்டும்.

வெளித்துணியில் 50 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரத்தில் இரண்டு துண்டுகள். மிச்சத்தில் 10 செ.மீ. அகலப் பட்டை ஒன்று வரும். அதை இரண்டாக வெட்டி, ஓரங்களை நடுவுக்கு மடித்து மறுபடி ஒன்றின்மேல் ஒன்றாக மடித்துத் தைத்தால் இரண்டரை செ.மீ. அகலத்தில் இரண்டு கைப்பிடிகள். முழங்கையில் மாட்டிக்கொள்ள இந்த நீளம் போதும். லைனிங்கிலும் அதே அளவில் இரண்டு துண்டுகள். மேலே சுருக்கு வாய்க்கு 50-க்கு 18 செ.மீ.யில் இரண்டு. பாக்கிப் பட்டையில் உள் பாக்கெட்.

பாக்கெட்டை முதலில் தைத்துவிட வேண்டும், பை மூடிய பின் கை நுழையாது. 50 செ.மீ. நீளமுள்ள ஒரே பட்டையை லைனிங் துண்டின் மேல் வைத்து, நெடுக்காக மூன்று நான்கு தையல் போட்டால் தனித்தனி அறைகள் கிடைக்கும். குரோஷா ஊசிக்குக் குறுகலாக ஒன்று, அங்குல நாடாவுக்கும் கத்தரிக்கும் அகலமாக ஒன்று. மாதிரி எழுதிய காகிதத்துக்கும் ஓர் அறை ஒதுக்குவது நல்லது. எந்த வரிசையில் நிறுத்தினோம் என்று குறித்த சீட்டு தொலைந்தால் ஊசி தொலைந்ததைவிடக் கஷ்டம்.

பிறகு ஒன்றரை செ.மீ. தையல் விட்டு இரண்டு பக்கங்களையும் அடியையும் சேர்க்க வேண்டும். மூலையைப் பிடித்து, பக்கத் தையல் அடித்தையலின் மேல் உட்காரும்படி மடித்தால் ஒரு முக்கோணம் வரும். அதன் அகலம் 10 செ.மீ. ஆகும் இடத்தில் குறுக்கே ஒரு தையல். இரண்டு மூலைகளிலும் இதைச் செய்தால் 37-க்கு 10 என்று தட்டையான அடிப்பாகம் கிடைக்கிறது. பை தரையில் நிமிர்ந்து நிற்பது இந்த இரண்டு தையல்களால்தான். சோம்பல்பட்டு விட்டுவிட்டால் வெறும் மஞ்சப்பைதான் மிஞ்சும். லைனிங்குக்கும் இதே வேலை, ஆனால் அடித்தையலில் ஒரு சாண் அளவு திறந்து வைக்க வேண்டும்.

சுருக்கு வாயின் இரண்டு துண்டுகளையும் பக்கவாட்டில் இணைத்து, மேலே நாடா ஓடும் மடிப்புத் தைத்து, அதில் நாடா நுழைய ஒரு வாசல் விட்டுவிட வேண்டும். கடைசியில் நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்க வெளிப்பையை லைனிங்குக்குள் நுழைத்து, இரண்டுக்கும் நடுவே கைப்பிடிகளையும் சுருக்கு வாயையும் தலைகீழாகச் செருகி, சுற்றிலும் ஒரே தையல். லைனிங்கின் திறப்பு வழியாக முழுவதையும் இழுத்துப் புரட்டினால் பை முகத்தைக் காட்டும். திறப்பைக் கையாலேயே மூடிவிடலாம்.

தையல் மெஷின் இல்லாதவர்கள் தெருவோரத் தையல்காரரிடம் கொடுக்கலாம். ஆனால் 'சாதாரணப் பைதானே' என்று அவர் மூலைத் தையலைத் தவிர்த்துவிடாமல் பக்கத்தில் நிற்பது நல்லது.

குரோஷா மட்டும் செய்பவர்களுக்கு இதில் பாதி அளவே போதும். ஒற்றைக் கண்ணி வேலையின் சௌகரியம் அது. சென்னையில் 2016 ஜனவரி 31-ல் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' அமைப்பினர் உலகின் மிகப் பெரிய குரோஷாப் போர்வைக்காகக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். 11,148.5 சதுர மீட்டர், ஏறக்குறைய இரண்டே முக்கால் ஏக்கர். இந்தியாவின் பல ஊர்களிலும் வெளிநாடுகளிலும் பெண்கள் தனித்தனியே பின்னிய துண்டுகளின் கூட்டுத்தொகை அது. இப்படிப் பகுத்துக்கொடுத்துச் செய்யக்கூடிய வேலை அது, ஒரு துண்டு கைப்பைக்குள் அடங்கிவிடும்.

இரட்டை ஊசிக்காரர்களுக்கு இன்னும் இரண்டு சில்லறை விஷயங்கள். ஊசியை உள்ளே வைக்கும் முன் முனையில் பென்சில் அழிக்கும் ரப்பர் துண்டு ஒன்றைக் குத்திவிட்டால் கண்ணிகள் நழுவாது, லைனிங்கும் தப்பிக்கும். பையின் பக்கவாட்டில், மேல் தையலுக்கு நாலு விரல் கீழே, செருப்பு தைப்பவரிடம் சொல்லி ஒரு பித்தளை வளையம் அடித்துக்கொண்டால், நூல்கண்டு உள்ளேயே இருக்க, நூல் மட்டும் அந்தத் துளை வழியே வந்துகொண்டிருக்கும். பாலாநகர் மெட்ரோவில் உட்கார்ந்து பின்னினாலும் கண்டு பெட்டியின் மறுகோடிக்கு உருண்டு ஓடாது. நீள ஊசி பக்கத்து இருக்கைக்காரரின் விலாவில் குத்தினால் அதற்குப் பை பொறுப்பல்ல. வளைய ஊசி ஒன்று வாங்கிக்கொள்வதுதான் வழி.