கப் இருக்கு, கூலி எங்கே?

போன வாரம் பழைய சிநேகிதன் ஒருத்தன் வீட்டுக்கு வந்திருந்தான். குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிறவன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து பெஞ்சு. காபியைக் குடித்து முடித்தும் டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டு இருந்தான். அப்புறம் கேட்டான்.

"ஏன் மாப்ளே, பையன் கபடி டோர்னமென்ட்டுக்குப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கறான். அனுப்பட்டுமா, வேண்டாமா?"

சாதாரணக் கேள்விதான். ஆனால், கேட்டவன் தன் வலது காலை மடக்க முடியாமல் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபது வருஷத்துக்கு மேலாக அந்தக் கால் அப்படித்தான் இருக்கிறது. பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. 'யோசிச்சு சொல்றேன்டா' என்று அனுப்பிவிட்டேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பி.காம். படித்தவன். கவிதை வராது; கணக்கு கொஞ்சம் வரும். அதனால் இரண்டு கணக்குத் தாள்களை உங்கள் முன்னால் வைக்கிறேன். ஒன்று, அமெரிக்காவில் 1892-ல் எழுதியது. இன்னொன்று, 2001 பொங்கல் முடிந்த மறுநாள் குமாரபாளையத்தில் நானே எழுதியது.

முதலில் அமெரிக்கத் தாள். அந்த ஊரில் ஒரு ஆட்டம் இருக்கிறது. பேர் ஃபுட்பால். ஆனால், பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். முட்டை மாதிரி பந்து. ஒருத்தன் தூக்கிக்கொண்டு ஓட, பத்து பேர் அவன் மேல் விழுவார்கள். நம்ம கபடிக்குத் தூரத்துப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிட்ஸ்பர்க் பக்கம் இரண்டு கிளப்களுக்குள் தீராத போட்டி. 1892 நவம்பர் 12-ம் தேதி மோதினார்கள். அலெகெனி என்கிற கிளப், யேல் பல்கலைக்கழகத்தில் ஆடிப் பெயர் வாங்கியிருந்த 'பட்ஜ்' ஹெஃபல்ஃபிங்கர் என்கிற ஆஜானுபாகுவான ஆளை வெளியூரிலிருந்து கூட்டி வந்தது. அவர் எதிராளி நழுவவிட்ட பந்தைப் பொறுக்கிக்கொண்டு ஓடி எல்லையைத் தொட்டார். அந்தக் காலத்தில் அதற்கு 4 பாயின்ட். ஆட்டம் முடிந்தது 4-0.

அந்த ஆட்டத்துக்குக் கிளப்பின் கணக்குப்பிள்ளை வரவு செலவு எழுதினார். அதில் ஒரு வரி: ஆடியதற்காக ஹெஃபல்ஃபிங்கருக்கு ரொக்கம் 500 டாலர். அவ்வளவுதான். ஓஹியோ மாநிலம் கான்டனில் இருக்கும் ஃபுட்பால் அருங்காட்சியகத்தில் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். தொழில்முறை ஃபுட்பாலின் 'பிறப்புச் சான்றிதழ்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் காலத்தில் காசு வாங்கிக்கொண்டு ஆடுவது கேவலம். பெருமைக்கு ஆடுகிறவன்தான் வீரன், கூலிக்கு ஆடுகிறவன் ஈனப்பிறவி என்று கனவான்கள் பேசிய காலம். அதனால் 500 டாலர் விஷயம் வெளியே வரவில்லை. 1895-ல் லட்ரோப் என்கிற ஊருக்காக 10 டாலரும் வழிச்செலவும் வாங்கி ஆடிய ஜான் பிராலியர்தான் முதல் ஆள் என்று பல காலம் நம்பிக்கொண்டு இருந்தார்கள். உண்மையை உடைத்தது அந்தக் கணக்குத் தாள்தான். கனவான்கள் மறைத்ததைக் கணக்குப்பிள்ளை எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்!

இப்போது என் தாளுக்கு வருவோம்.

2001. எங்கள் தெருவில் பொங்கலுக்கு மூன்று நாள் கபடி. நான் பி.காம். படிக்கிறேன் என்பதால் என்னைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். மைக் செட், டியூப் லைட், மண் அடித்த டிராக்டர் வாடகை, நோட்டீஸ், கப், பொன்னாடை, மாலை, வாணவேடிக்கை, பிரமுகர்களுக்கு பிரியாணி, ஆட்டக்காரர்களுக்கு பரோட்டா. ஒரு வரி விடாமல் எழுதினேன். ஆட்டக்காரனுக்குக் கூலி என்று ஒரு வரி? இல்லை. யாருக்கும் அது தோன்றக்கூட இல்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

இரண்டாம் நாள் ராத்திரி அரையிறுதி. எங்கள் டீமுக்கு கார்னரில் நின்றவன் இந்தச் சிநேகிதன். பாடி வந்தவனின் கணுக்காலைப் பிடித்தான். பிடி விழுந்ததும் மூன்று பேர் மேலே விழுந்தார்கள். 'டப்'பென்று ஒரு சத்தம். கூட்டம் விசிலடித்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

தறி ஓட்டுகிறவனுக்குக் கால்தான் மூலதனம். உட்கார்ந்து பார்க்கிற வேலையா அது? பாவு அறுந்தால் ஓடணும், தார் தீர்ந்தால் ஓடணும். மூன்று மாசம் அவன் தறிக்குடோன் பக்கமே போக முடியவில்லை. மீட்டருக்கு இத்தனை என்று கூலி. மீட்டர் ஓடவில்லை என்றால் கூலி ஏது? ஏற்கெனவே வாங்கின முன்பணம் வேறு தலைக்கு மேல் நின்றது.

ஃபைனல் அன்றைக்குத் துண்டை விரித்துக் கூட்டத்தில் வசூல் பண்ணினோம். 1,340 ரூபாய் சேர்ந்தது. கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டேன். "அட, அதெல்லாம் கணக்குல வராது தம்பி, உடு" என்றார் கமிட்டிப் பெரியவர் ஒருத்தர். நானும் விட்டேன். பொன்னாடைக்கு வவுச்சர் இருந்தது. ஒரு மனுஷனின் முட்டிக்கு இல்லை. அந்தத் தாளில் இருப்பது என் கையெழுத்து. அதனால் இந்தக் கட்டுரையில் நான் திட்டுகிற ஆட்களில் முதல் ஆள் நான்தான்.

'அதெல்லாம் அந்தக் காலம் சார். இப்ப கபடிக்காரன் கோடியில புரள்றான்' என்பீர்கள். சரி, அந்தக் கோடியையும் பார்த்துவிடுவோம்.

தர்மராஜ் சேரலாதன். தஞ்சை மாவட்டத்துக்காரர். கணுக்கால் பிடி என்றால் அவர்தான். ப்ரோ கபடியில் வடநாட்டு வர்ணனையாளர்கள்கூட 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டார்கள். 2016-ல் பாட்னா அணிக்கு கேப்டனாக இருந்து கோப்பை வாங்கினார். அதே வருஷம் அகமதாபாத்தில் உலகக் கோப்பை ஜெயித்த இந்திய அணியிலும் இருந்தார். 2019-ல் ஹரியானா அணிக்கு கேப்டன். அப்போது அவருக்கு வயது 44. 'இந்த வயசுல என்னமா ஆடறாரு பாருங்க!' என்று டி.வி. முன்னால் உட்கார்ந்து நாம் எல்லோரும் வியந்தோம்.

நான் வியக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஏன் என்று சொல்கிறேன். அவர் பிறந்தது 1975. ப்ரோ கபடி ஆரம்பித்தது 2014 ஜூலை. கபடியை ஒரு தொழில் என்று ஒப்புக்கொண்டு ஒப்பந்தம் நீட்டினபோது அவருக்கு வயது 39. மற்ற ஆட்டக்காரர்கள் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பயிற்சியாளர் ஆகிவிடுகிற வயது. முதல் ஏலத்தில் அதிகபட்ச விலையே ராகேஷ் குமாருக்குப் போன 12.80 லட்சம்தான். ஏலத்தில் ஒரு கோடியைத் தாண்டியது 2018-ல். அப்போது அண்ணாவுக்கு 43. 2023-ல் பவன் ஷெராவத் போன விலை 2.60 கோடிக்கு மேல். ஒன்பது வருஷத்தில் இருபது மடங்கு!

மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் தேய்மானம் எழுது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு முட்டிக்கு, ஒரு தோள்பட்டைக்கு இருபது வருஷத் தேய்மானம் என்ன? அதை யார் எழுதினார்கள்? சேரலாதன் 44 வயதில் ஆடியது அவருடைய திறமை, அவருடைய கட்டுப்பாடு. அதற்கு ஒரு கும்பிடு. ஆனால் அவருடைய இருபது வயதுக்கும் முப்பது வயதுக்கும் ஒரு விலை வைக்கவில்லையே, அது நம்முடைய லட்சணம்.

லீக் வருவதற்கு முன்னால் கபடியில் இந்தியா சும்மாவா இருந்தது? ஆசிய விளையாட்டில் 1990 முதல் 2010 வரை ஆறு தடவையும் ஆண்கள் தங்கம் நமக்குத்தான். 1994-ல் ஹிரோஷிமாவில் தங்கம் வாங்கின அணியில் நம்ம மணத்தி கணேசன் இருந்தார். அவர் கதையைத் தழுவி 2025-ல் 'பைசன்' படம் வந்தபோது தியேட்டரில் விசில் பறந்தது. அந்தத் தலைமுறைக்கு ஆட்டம் கொடுத்த அதிகபட்சக் கூலி என்ன தெரியுமா? ஒரு வேலை. ரயில்வே, போலீஸ், மின்வாரியம், பேங்க். கிடைத்தவன் பிழைத்தான். கிடைக்காதவன் எங்கே போனான்? எங்கள் ஊராக இருந்தால் தறிக்குடோனுக்கு, திருச்செங்கோடாக இருந்தால் ரிக் வண்டிக்கு, சங்ககிரியாக இருந்தால் லாரிக்கு.

லீக்கையும் நான் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. அது ஒரு வியாபாரம். மேலே நாலு பேருக்குத்தான் கோடி. ஆனால், வியாபாரத்தில் ஒரு நல்ல குணம் இருக்கிறது. பணம் போட்டவன் சரக்கைக் கவனித்துக்கொள்வான். 2022-ல் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு வாங்கின பவன் ஷெராவத், முதல் ஆட்டத்திலேயே முட்டி அடிபட்டு வெளியே போனார். சீசன் முழுக்க ஆடவில்லை. சிகிச்சை, ஓய்வு எல்லாம் முடிந்து 2023-ல் திரும்பி வந்தார். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கேப்டனாகத் தங்கம் வாங்கினார். அடுத்த ஏலத்தில் விலை முன்னைவிட ஏறிவிட்டது. என் சிநேகிதனுக்கும் போனது அதே முட்டிதான். அவனுக்கு ஒரு துண்டும் 1,340 ரூபாயும்.

இந்த இடத்தில் கமிட்டிக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். "காசுன்னு வந்துட்டா ஆட்டம் கெட்டுப் போயிரும்ங்க. ஊர்ப் பெருமைக்கு ஆடறதுங்க இது!"

அப்படிங்களா? மைக் செட்காரர் ஊர்ப் பெருமைக்காக மைக் கட்டினாரா? பந்தல்காரர் பெருமைக்காகக் கம்பு நட்டாரா? வாணவேடிக்கைக்காரரிடம் 'ஊருக்காக நாலு வெடி சும்மா போடுங்க'ன்னு சொல்லிப் பாருங்களேன்! எல்லோருக்கும் கூலி உண்டு. யாரைப் பார்க்கக் கூட்டம் வந்ததோ அவனுக்கு மட்டும் பெருமையும் பரோட்டாவுமா? அமெரிக்கக் கனவான்கள் நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் பேசின அதே பேச்சுதான் இது. அங்கே காசு வந்ததால் ஆட்டம் செத்துப் போகவில்லை.

"நாங்க சின்ன கமிட்டிங்க, பணத்துக்கு எங்க போறது?" என்றும் கேட்பார்கள். இது நியாயமான கேள்வி. இதற்கும் அங்கேயே பதில் இருக்கிறது. கிரீன் பே என்று ஒரு ஊர். ஜனத்தொகை ஒரு லட்சம் சொச்சம். நம்ம குமாரபாளையத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. 1919-ல் இறைச்சியை டப்பாவில் அடைக்கிற ஒரு கம்பெனி சட்டைக்கும் சாமானுக்கும் பணம் கொடுக்க, அங்கே ஒரு அணி உருவானது. அதனால்தான் 'பேக்கர்ஸ்' என்று பேர். கையில் காசு இல்லாமல் தத்தளித்தபோது 1923-ல் ஊர்க்காரர்களிடமே பங்கு விற்றார்கள். இன்றைக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள். டிவிடெண்ட் ஒரு பைசா கிடையாது. இருந்தும் ஜனங்கள் வாங்கினார்கள். ஊர்ப் பெருமை என்றால் அது. நம்ம ஊரில் பெருமை ஊருக்கு, செலவு ஆட்டக்காரன் முட்டிக்கு!

நான் கோடி கேட்கவில்லை. மூன்று வரி கேட்கிறேன். அடுத்த பொங்கல் டோர்னமென்ட் கணக்கு நோட்டில் மூன்றே மூன்று வரி. ஒன்று, களத்தில் இறங்கும் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு நாள் தறிக்கூலியாவது ஆட்டக்கூலி, ஜெயித்தாலும் தோற்றாலும். இரண்டு, டீம் மொத்தத்துக்கும் குழுவாக விபத்துக் காப்பீடு. எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிட்டு, பொன்னாடைச் செலவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று, வாங்கினவன் கையெழுத்தோடு வவுச்சர். பொன்னாடையைக் குறைத்தால் முடியும். பிரமுகர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டுப் பீரோவில் ஏற்கெனவே நூறு பொன்னாடை இருக்கும்.

மீட்டர் கூலிக்குக் கணக்கு பார்க்கிற ஊர் இது. தீபாவளி வந்தால் போனஸுக்குப் பேச்சுவார்த்தை நடத்துகிற ஊர். உழைப்புக்குக் கூலி கேட்பது கேவலம் என்று இங்கே யாரும் யாருக்கும் பாடம் எடுக்க முடியாது. கபடி மட்டும் என்ன, உழைப்பில் சேராதா?

நேற்று சிநேகிதனுக்குப் போன் பண்ணினேன். "பையன் போகட்டும்டா. ஆனா, பேர் குடுக்கறதுக்கு முன்னாடி கமிட்டி நோட்டை வாங்கிப் பாக்கச் சொல்லு. ஆட்டக்காரன்னு ஒரு வரி இருந்தா எறங்கட்டும். இல்லைன்னா திரும்பி வரட்டும்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பின்னால் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் சொன்னான்: "அன்னைக்கு நோட்டு உன் கையிலதானே மாப்ளே இருந்துச்சு?"

ஆமாம். என் கையில்தான் இருந்தது. இந்த வருஷம் உங்கள் ஊரில் யார் கையில் இருக்கிறது?