இல்லாத ஊருக்கு வாங்க

தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை. வேலூரைப் பற்றி ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கும் பட்டியல் இது. பெண்களையும் ஒரு வரியில் சேர்த்துக் கிண்டலடிப்பார்கள். அதைப் பிறகு பார்க்கலாம். முதல் தடவை வருகிறவர்கள் பட்டியலை நம்பாமல் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது நல்லது.

வேலூருக்கான ஸ்டேஷன் காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கியதும் வெயில் பிடித்துக்கொள்ளும். சென்னையைச் சாயங்காலம் காப்பாற்றும் கடற்காற்று இவ்வளவு தூரம் வராது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே அல்ல. சுற்றிலும் மொட்டைப் பாறைக் குன்றுகள். ஆக, மலை வரி சரிதான்.

கோட்டை வரி பாதிதான் சரி. ராஜ குடும்பங்கள் இருந்தன, கைதிகளாக. 1799இல் திப்பு சுல்தான் இறந்தபின் அவருடைய பிள்ளைகளைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இங்கேதான் அடைத்து வைத்தார்கள். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் இதே மதிலுக்குள்தான். இலங்கையின் கண்டியில் அரண்மனை எதிரே ஏரி வெட்டிய, கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், அகழி சூழ்ந்த இந்தக் கோட்டையில் சிறையிருந்து 1832இல் இறந்தார். பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் அவர் கல்லறை இருக்கிறது.

சாமி இல்லாத கோயில் 1981 வரைதான். சத்துவாச்சாரியில் இருந்த ஜலகண்டேஸ்வரரை அந்த வருஷம் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். கிண்டலைத் திருத்தத்தான் ஆளில்லை.

பாலாறு பெரும்பாலும் மணல்தான். 2021 நவம்பரில் கரைபுரண்டு பயமுறுத்தியதும் உண்டு. ஆனால் வறட்சியைவிடப் பெரிய கதை, தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுநீர் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இந்த மண்ணின் வழக்கில் பிறந்தது.

இத்தனை 'இல்லை' சொன்னவர்கள், ஊர் எதனால் பிழைக்கிறது என்று சொல்லவில்லை. ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே காந்தி ரோட்டில் நடந்து பாருங்கள்: லாட்ஜுகளிலும் மருந்துக் கடைகளிலும் வங்காளி எழுத்து, மெஸ்ஸில் மீன் குழம்பு. கல்கத்தாவிலிருந்து ஃபைலும் கையுமாக வருகிறவர்களிடம் கடைப் பையன்கள் சரளமாக வங்காளி பேசுவார்கள்.

பிழைப்பு மருத்துவமனையால் மட்டுமல்ல. காலையில் மேற்கே ஆம்பூர் நெடுஞ்சாலையில் நின்றால் ஷூ கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். ஜன்னலெல்லாம் பெண்கள், கழுத்தில் அடையாள அட்டை, மடியில் டிபன் பை. பல வீடுகளில் அரிசிக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் அந்தச் சம்பளம்தான். பெண்களைப் பற்றி வரி கட்டியவர் இந்த பஸ்ஸில் ஒருநாள் ஏறியிருக்கலாம்.

அப்படியே ஆம்பூரிலேயே சாப்பிட்டுவிடுங்கள். சீரகச் சம்பா பிரியாணி, தொட்டுக்கொள்ளப் புளிப்பான கத்திரிக்காய். பன்னிரண்டரைக்கே இலை முன்னால் உட்கார்ந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை தாமதமாகப் போனால் கத்திரிக்காய்தான் மிஞ்சும்.