ஒன்பது ஆண்டுத் தவணையும் ஒரு காரின் நற்பெயரும்

1993ஆம் ஆண்டில் மலேசியாவில் விற்பனையான புதிய கார்களில் 74 சதவீதத்தைத் தன்னுடையதாகக் கொண்டிருந்த புரோட்டோன், கால் நூற்றாண்டுக்குப் பின் 2018இல் 11 சதவீதத்தைக்கூட எட்ட இயலாமல், பெரோடுவா, ஹோண்டா, டொயோட்டா ஆகிய மூன்றுக்கும் பின்னால் நான்காம் இடத்தில் போய் நின்றது; நின்ற மறு ஆண்டே ஒரு லட்சம் கார்களுக்கு மேல் விற்று இரண்டாம் இடத்துக்கு ஏறியது. இந்த ஏற்றத்துக்குக் காரணம் கேட்டால் பெரும்பாலோர் தரும் விடை ஒன்றே: சீனத்திலிருந்து ஜீலி வந்தது, பணம் வந்தது, புதிய கார் வந்தது. இந்த விடையில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை இல்லை என்பதே என் அபிப்பிராயம். புரோட்டோனின் நற்பெயர் உண்மையில் மீளத் தொடங்கிய இடம், லட்சம் வெள்ளிக் காரை வாங்குவோரின் வாசல் அன்று. கையிருப்பையெல்லாம் திரட்டி முன்பணம் கட்டி, மிச்சத்தை ஒன்பது ஆண்டுத் தவணையில் செலுத்தும் சாமானியரின் வாசல்.

அந்த வாசலை நம்மவர்கள் நன்கறிவர். 1983 மே 7ஆம் தேதி நிறுவனம் ஸ்தாபிக்கப்பட்டு, மித்சுபிஷியின் லான்சர் பியோரே காரை அடிப்படையாகக் கொண்ட முதல் சாகாவை 1985 ஜூலை 9 அன்று பிரதமர் மகாதீர் முகமது அறிமுகம் செய்துவைத்த காலத்தில், ரப்பர் தோட்டங்களை விட்டுக் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் கோலாலம்பூருக்கும் குடிபெயர்ந்துகொண்டிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல, தலைமுறையில் முதன்முதலாகச் சொந்தமாகக் கொண்ட கார் அந்தச் சாகாதான். பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப்போனதும், தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குக் கொண்டுபோனதும், இரவெல்லாம் டாக்சியாக ஓடிக் குடும்பத்தைக் காப்பாற்றியதும் அதே வண்டி. தொழிற்சாலையின் முதல் சாகா, பிரிக்பீல்ட்ஸுக்கு அண்டையிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் வைத்துப் பேணப்பட்டது. பிற நாட்டினர் அதில் ஒரு ஜப்பானியக் காரின் பிரதியைக் காணலாம். இந்நாட்டுச் சாமானியர் கண்டது தம் முன்னேற்றத்துக்கு ஒரு பிரத்தியட்சச் சான்று.

இவ்வளவு அன்பைச் சம்பாதித்த பெயர், பிறகு பரிகாசத்துக்கு ஆளானது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 2000ஆம் ஆண்டில் வந்த வாஜா, நிறுவனம் தானே வடிவமைத்த முதல் கார் என்ற பெருமையுடன் வந்தது. அதன் ஓட்டமும் திருப்பங்களில் அது காட்டிய உறுதியும் மெய்யாகவே பாராட்டத் தக்கவை. ஆயினும் புரோட்டோன் என்றதும் மக்கள் நாவில் முதலில் வந்தது அந்த ஓட்டமன்று, பவர் விண்டோ. கதவின் உள்ளே ஒரு சிறு மோட்டாரும் கம்பியும் பிளாஸ்டிக் துண்டுகளும் சேர்ந்து கண்ணாடியை ஏற்றி இறக்குகின்றன. அவற்றுள் ஒன்று தேய்ந்தாலோ முறிந்தாலோ கண்ணாடி பாதியில் நின்றுவிடும், அல்லது கதவுக்குள் விழுந்துவிடும். கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா டோல் சாவடி இருந்த காலத்தில், கண்ணாடி இறங்காத காரணத்தால் கதவைத் திறந்து கையை நீட்டிப் பணம் செலுத்திய ஓட்டுநர்களைக் காண்பது அபூர்வமன்று. மழை கொட்டும் மாலையில், பின்னால் நிற்பவர் ஹாரனை அழுத்திக்கொண்டிருக்க, நனைந்த நோட்டை நீட்டி மீதி வாங்கிக் கதவைச் சாத்தும் அந்தச் சில விநாடிகளில் ஒரு மனிதர் அனுபவித்த சங்கடத்தை, எத்தனை விளம்பரம் செய்தும் அவர் மனத்திலிருந்து அகற்ற முடியாது. காரை உற்பத்தி செய்த ஷா ஆலாம் தொழிற்சாலையோ அச்சாவடியிலிருந்து வெகு தொலைவில் இல்லை.

இயந்திரம் நன்றாக இருந்தும் அற்பமான ஒரு பாகம் கெட்டுப்போய், அதுவும் ஆண்டுக்கணக்கில் கெட்டுக்கொண்டே இருந்தது ஏன் என்று விசாரிப்பவர்கள், அரசாங்கம் அளித்த வரிப் பாதுகாப்பைக் காரணமாகக் காட்டுவது வழக்கம். வெளிநாட்டுக் கார்களின் மீது சுமத்தப்பட்ட உயர்ந்த வரிகளால், மத்தியதர வருமானத்தார்க்கு வேறு கதியில்லாமல் போனது மெய். போக்கிடமற்ற வாடிக்கையாளரின் புகாரை ஒரு நிர்வாகம் அவசரமாகக் கேட்பதில்லை என்பதும் மெய். ஆனால் இவ்வாதம் பெரோடுவாவின் முன்னால் தடுமாறுகிறது. அதே வரிச் சுவரின் நிழலில், அதே சிலாங்கூரில், ரவாங்குக்கு அருகே பிறந்த அந்த நிறுவனம், 1994இல் டைஹாட்சு மீராவை அடிப்படையாகக் கொண்டு கஞ்சிலையும், 2005இல் மைவியையும் தந்து, 2006இலேயே விற்பனையில் முதலிடத்தைப் பிடித்தது; இன்றுவரை அதை விடவில்லை. பாதுகாப்பு இரண்டுக்கும் பொதுவாக இருந்தும் பலன் வேறாக இருந்ததென்றால், வேறுபாட்டை நிர்வாகத்தின் சுபாவத்தில்தான் தேட வேண்டும்.

பெரோடுவா தன் எல்லையை அறிந்து, ஜப்பானில் பரீட்சிக்கப்பட்டுத் தேர்ந்த சிறு கார்களை ஒழுங்காகச் செய்வதோடு நின்றுகொண்டது. புரோட்டோனோ 1996இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கிற்று. சொந்த இயந்திரம், சொந்த வடிவம் என்று உயர்ந்த இலட்சியங்களை மேற்கொண்டது. அந்த இலட்சியத்தை நான் குறை கூறமாட்டேன். வளரும் நாடொன்று கார் இயந்திரத்தைத் தானே வடிவமைக்க முனைந்தது பெரும் துணிவு. 2013இல் அதன் பிரேவே கார் ஆஸ்திரேலியாவின் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றதும் அந்தத் துணிவின் பலன்தான். குறை வேறிடத்தில் இருந்தது. பொறியாளர்களின் கவனம் சக்கரத்தின் பிடிப்பிலும் இயந்திரத்தின் சக்தியிலும் லயித்திருந்தபோது, வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தப்படும் நூற்றுக்கணக்கான சிறு பாகங்களின் தரத்தை ஓயாமல் சோதிக்கும் பொறுமையான வேலைக்கு உரிய கௌரவம் அளிக்கப்படவில்லை. நள்ளிரவில் பிரிக்பீல்ட்ஸில் சவாரிக்குக் காத்திருக்கும் டாக்சி ஓட்டுநருக்கு வேண்டியது வளைவில் சறுக்காத சக்கரம் மட்டுமன்று. ஆயிரமாவது தடவையும் இறங்கி ஏறும் கண்ணாடியுந்தான்.

2016இல் நிறுவனத்துக்கு அரசாங்கம் 150 கோடி வெள்ளி கடனுதவி அளித்தபோது, வெளிநாட்டுப் பங்காளி ஒருவரைத் தேடிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்தது. 2017 ஜூன் மாதத்தில் உடன்பாடு கையெழுத்தாகி, 49.9 சதவீதப் பங்கு ஜீலிக்குச் சென்றது. எஞ்சியது, அதுவரை உரிமையாளராக இருந்த டிஆர்பி-ஹைக்கோமிடமே இருந்தது. ஜீலி தன் பங்குக்கு ஈடாக ரொக்கத்தோடு தன்னுடைய போயுவே காரின் தொழில்நுட்ப உரிமையையும் கொடுத்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் லீ சுன்ரோங் தலைமை நிர்வாகியாகப் பொறுப்பேற்றார். அப்பதவிக்கு வந்த முதல் வெளிநாட்டவர் அவரே. 2018 டிசம்பரில் போயுவே, எக்ஸ்70 என்ற பெயரில் சீனத்திலிருந்து முழுமையாக இறக்குமதியாகி வந்தது. ஆரம்ப விலையே ஏறத்தாழ ஒரு லட்சம் வெள்ளியாக இருந்தும் ஜனங்கள் முன்பதிவுக்குத் திரண்டார்கள். புரோட்டோன் கடைப்பக்கம் பல்லாண்டுகளாகத் தலைகாட்டாதவர்கள்கூட உள்ளே நுழைந்து பார்த்தார்கள். அந்த அளவில் எக்ஸ்70 செய்த உபகாரம் பெரிது.

எனினும் நான் முக்கியமாகக் கருதும் நிகழ்ச்சி அதற்கு எட்டு மாதம் கழித்து, அதிக ஆரவாரமின்றி நடந்தது. 2016இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறைச் சாகாவில், சிவிடி எனப்படும், பற்சக்கரப் படிகள் இல்லாமல் வார்ப்பட்டையால் வேகத்தை மாற்றும் தானியங்கி கியர் பெட்டி பொருத்தப்பட்டிருந்தது. காகிதத்தில் அது நவீனமானது, எரிபொருளைச் சிக்கனம் செய்வது; பழக்கத்திலோ அது எழுப்பிய இரைச்சலும் மெல்ல நகரும்போது காட்டிய தயக்கமும் உரிமையாளர்களின் தீராத குறையாக இருந்தன. கிள்ளானில் போர்மேன்கள் பலரும் அந்தப் பெட்டி என்றாலே தலையசைப்பார்கள். பழைய கார் வாங்க வருபவர் இயந்திரத்தைக் கேட்பதற்கு முன் அதைத்தான் கேட்பார். 2019 ஆகஸ்டில் மேம்படுத்தப்பட்டு வந்த சாகாவில், நிறுவனம் அதை நீக்கிவிட்டு, ஹூண்டாயிடமிருந்து வாங்கிய நான்கு வேகத் தானியங்கி கியர் பெட்டியைப் பொருத்தியது. நான்கு வேகம் என்பது அப்போதே பழைய முறை. போட்டியாளர்கள் பலர் அதைக் கடந்து போயிருந்தனர். இருந்தும், புதுமையின் பெயரால் வாங்குபவரை வருத்துவதைவிட, உலகெங்கும் ஓடித் தேறிய பழைய உறுப்பைக் கொடுப்பது மேல் என்று முடிவு செய்தார்களே, அதைத்தான் நான் மனமாற்றம் என்பேன். விலையையும் அவர்கள் உயர்த்தவில்லை. உயர்ந்த வகைகூட நாற்பதாயிரம் வெள்ளிக்குள் அடங்கிற்று.

விற்பனை நிலையங்களின் சீர்திருத்தமும் இதே காலத்தது. ஒரு கடையில் கார் வாங்கி, சர்வீஸுக்கு வேறொரு பட்டறையையும், உதிரிபாகத்துக்கு மூன்றாவது இடத்தையும் தேடி அலைந்த நிலை மாறி, விற்பனை, பராமரிப்பு, உதிரிபாகம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் அமைய வேண்டும் என்று முகவர்களுக்கு நிபந்தனை விதிக்கப்பட்டது. சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டடம் எழுப்ப இயலாத சிறு முகவர்கள் சிலர் தொழிலை விட்டே விலகினர் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

உலகத்தில் இதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 1986இல் அமெரிக்காவில் எக்செல் என்ற மலிவு காரை விற்று வெற்றியும், அது அடிக்கடி பழுதானதால் விரைவிலேயே இகழ்ச்சியும் பெற்ற ஹூண்டாய், 1998இல் இயந்திரத்துக்கும் கியர் பெட்டிக்கும் பத்தாண்டு அல்லது ஒரு லட்சம் மைல் உத்தரவாதம் அறிவித்தது. பழுதாகும் ஒவ்வொரு காரும் இனித் தன் செலவு என்று ஆனபோது, அந்த ஸ்தாபனத்துக்குத் தரம் என்பது அறவுரையாக இல்லாமல் கணக்குப் புத்தகத்தின் விஷயமாக மாறியது. 2004இல் வெளியான ஜே.டி. பவர் ஆரம்பத் தர ஆய்வில் அது ஹோண்டாவுக்கு நிகராக வந்து நின்றது. வாங்குபவர் தலைமேல் இருந்த பயத்தை விற்பவர் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டதன் விளைவு அது.

இந்த இடத்தில்தான் புரோட்டோனின் மீட்சி இன்னும் பாதி வழியில் நிற்கிறது என்று சொல்ல நேர்கிறது. சாகாவுக்கு நிறுவனம் அளிக்கும் உத்தரவாதம் ஐந்து ஆண்டு, அல்லது 150,000 கிலோமீட்டர். இந்நாட்டில் கார்க் கடன் ஒன்பது ஆண்டு வரை செல்லும். மாதத் தவணை குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்த முழு ஒன்பதையும் எடுத்துக்கொள்பவர்கள் யாரென்றால், சாகாவைப் போன்ற காரை வாங்குபவர்களே. ஆகவே ஆறாம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஒன்பதாம் ஆண்டின் முடிவுவரை, கார் அவருக்கு முழுச் சொந்தமும் ஆகாமல், நிறுவனத்தின் பாதுகாப்பிலும் இல்லாமல், வங்கிக்கு ஒரு தவணையும் பட்டறைக்கு ஒரு பில்லுமாக அவர் இரட்டைச் சுமை சுமக்கிறார். அந்த நான்கு ஆண்டுகளில் கார் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கொண்டுதான் தம் மகனுக்கும் தம்பிக்கும் அவர் புத்தி சொல்லப் போகிறார். கடைவீதியில் ஒரு பெயர் உயர்வதும் தாழ்வதும் அந்தப் புத்தியினால்தான். விற்பனை திடீரெனப் பெருகிய பின்வந்த ஆண்டுகளில், விபத்துக்குள்ளான காருக்குப் பம்பரோ விளக்கோ வருவதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது என்ற புகார் பரவலாக எழுந்ததும் நினைவிருக்கும். வேலைக்குப் போக இரண்டாவது கார் இல்லாத குடும்பத்துக்கு அந்தக் காத்திருப்பு சம்பள இழப்பாகிவிடுகிறது.

நீண்ட உத்தரவாதம் தர முடியாது என்பதற்கில்லை. 2024 டிசம்பரில் அதே புரோட்டோன் வெளியிட்ட இ.மாஸ் 7 என்ற மின்சாரக் காரின் மின்கலத்துக்கு எட்டு ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு. மின்கலம் விலையுயர்ந்தது, புதியது, ஜனங்களுக்கு அதைப் பற்றிப் பயம் இருக்கிறது, ஆகையால் அந்தப் பயத்தைப் போக்க வேண்டும் என்ற காரணம் முற்றிலும் சரியானது. அதே காரணம் சாகாவின் கியர் பெட்டிக்கும் பொருந்தாதா? லட்சம் வெள்ளிக்கு மேல் கொடுக்க வசதியுள்ளவருக்கு எட்டு ஆண்டு அபயம் அளிக்கும் நிறுவனம், அதில் பாதியும் கொடுக்க இயலாதவரை ஐந்தாம் ஆண்டோடு கைவிடுவது நியாயமாகாது.

புரோட்டோன் நிர்வாகத்தாருக்கு என் வேண்டுகோள் இதுவே: சாகாவின் இயந்திரத்துக்கும் கியர் பெட்டிக்குமான உத்தரவாதத்தை ஒன்பது ஆண்டாக உயர்த்துங்கள், அவசியமான உதிரிபாகங்கள் எத்தனை நாளில் கிடைக்கும் என்பதைப் பகிரங்கமாக அறிவித்து, தவறினால் மாற்றுக் கார் கொடுங்கள். அடுத்த மாதம் கார் வாங்கப் போகும் வாசகரும், நிறத்தையும் தள்ளுபடியையும் கேட்பதற்கு முன்னால், ஆறாம் ஆண்டில் இந்தக் காருக்கு யார் பொறுப்பு என்று விற்பனையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வந்த பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.