முறிந்த இடுப்பும் முடிவெடுக்கும் வீடும்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வாழும் நமக்கு விபத்து என்றதும் தீதான் நினைவுக்கு வரும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டதை இப்பகுதி இன்னும் மறக்கவில்லை. தீப்பட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது எவரும் குடும்ப ஆலோசனை நடத்துவதில்லை. ஆனால் அதே வீட்டில் சுபுஹுத் தொழுகைக்கு ஒளுச் செய்யப்போன நன்னி குளியலறையில் வழுக்கி விழுந்து எழ இயலாமல் கிடந்தால் என்ன செய்கிறோம்? எண்ணெய் காய்ச்சுகிறோம். சுளுக்காக இருக்கும் என்கிறோம். சவூதியிலிருக்கும் மூத்த மகன் தொலைபேசியில் வரட்டும் என்று காத்திருக்கிறோம். பல நாடுகளின் கணக்கை எடுத்துப் பார்த்தால், முதுமையில் இடுப்பு மூட்டருகே எலும்பு முறிந்தவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முதல் நான்கில் ஒருவர் வரை ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றனர். இதுவும் உயிர் போகும் விபத்துதான். சத்தம் இல்லாமல் நிகழ்வதால் நமக்குப் பதற்றம் வருவதில்லை.

விழுந்தவரின் ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்புறம் சாய்ந்து கிடந்தால் அதைத் தடவாதீர்கள். இழுத்து நிமிர்த்தவும் முயலாதீர்கள். அசையாமல் படுக்க வைத்து 108 வண்டியை அழையுங்கள். முறிவு லேசாக இருந்தால் சிலர் நொண்டியபடி நடக்கவும் செய்வர். ஆகவே, நடக்கிறாரே என்று எக்ஸ்ரேயைத் தள்ளிப்போட வேண்டாம்.

எந்த அறுவை என்பது எங்கே முறிந்தது என்பதைப் பொறுத்தது. இடுப்பு ஒரு பந்துக் கிண்ண மூட்டு. தொடையெலும்பின் உச்சியிலுள்ள பந்தை அதன் கழுத்துப்பகுதி தாங்குகிறது. பந்துக்கான இரத்தக் குழாய்களுள் பெரும்பாலானவை அந்தக் கழுத்தை ஒட்டியே செல்கின்றன. கழுத்து முறிந்து விலகிவிட்டால் குழாய்களும் அறுபடக்கூடும். இரத்தம் பெறாத பந்து நாளடைவில் செத்துப்போகும். அதனால்தான் முதியவர்களுக்கு ஒட்டவைக்க முயலாமல், பந்தை நீக்கி உலோகப் பந்தைப் பொருத்துகின்றனர். இம்முயற்சியை 1940இல் தொடங்கிய ஆஸ்டின் மூர் என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரிலேயே ஒருவகைப் பந்து நம் மருத்துவமனைகளில் வழங்குகிறது. முறிவு விலகாமல் இருந்தாலோ, நோயாளி இளையவராக இருந்தாலோ திருகாணிகளால் பிணைத்துப் பந்தைக் காப்பாற்றப் பார்ப்பர்.

கழுத்துக்குச் சற்றுக் கீழே முறிந்தால் நிலைமை வேறு. அங்கே இரத்த ஓட்டம் நன்றாக உண்டு. எலும்பு தானாகவே சேரும். "கட்டுப்போட்டுச் சேர்ந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்" என்று பெரியவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆந்திரத்துப் புத்தூரின் பெயர் தாங்கிய கட்டுச் சாலைகள் தமிழ்நாடெங்கும் உள்ளன. மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக் கை எலும்பு சேர்ந்தவர்கள் அநேகர். ஆனால் தசை மூடிய இடுப்பு மூட்டை எந்தப் பத்தையும் அசையாமல் பிடித்து நிறுத்தாது. எலும்பு சேரும்வரை முதியவர் மாதக்கணக்கில் மல்லாந்து கிடக்க வேண்டும். அதற்குள் முதுகில் படுக்கைப்புண், நெஞ்சில் சளி, காலில் இரத்த உறைவு என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். எலும்பு சேரும், ஆள் இருக்கமாட்டார். உள்ளே கம்பியோ தகடோ செலுத்தி மறுநாளே எழுப்பி நிறுத்துவதன் நோக்கம் எலும்பைவிட ஆளைக் காப்பதே.

"இந்த வயதில் கத்தி வைப்பதா?" என்று கேட்போர்க்கு ஒரு செய்தி. இங்கிலாந்தின் மூத்த அரசியார், எலிசபெத் அரசியின் தாயார், 1998 ஜனவரியில் விழுந்து இடுப்பு முறிந்தபோது அவருக்கு வயது 97. அறுவை செய்து மூட்டை மாற்றினர்; 2002இல் 101ஆம் வயதில்தான் காலமானார். அரண்மனை வசதி நமக்கில்லை, உண்மை. ஆயினும் வயது மட்டுமே தடையன்று என்பதற்கு அது போதும். அதேவேளை, ஏற்கெனவே நெடுநாள் படுக்கையிலேயே இருந்து இறுதிக் காலத்தை நெருங்கியவருக்கு, அறுவை வேண்டாம், வலியை மட்டும் தணிப்போம் என்று மருத்துவர் சொன்னால், அதையும் நேர்மையான சொல்லாகவே நான் மதிப்பேன்.

எவ்வளவு விரைவாகச் செய்வது? இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் ஏறத்தாழ 3,000 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஆறு மணி நேரத்தில் அறுவை செய்தோருக்கும் ஒரு நாள் கழித்துச் செய்தோருக்கும் இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் முந்திச் செய்தோருக்கு மனக்குழப்பம் குறைவாக இருந்தது, விரைவில் எழுந்து நின்றனர். நள்ளிரவில் கலங்கி ஓட வேண்டாம். ஆனால் இரண்டு நாளுக்குமேல் தள்ளவும் வேண்டாம். சர்க்கரை, இதயநோய், இரத்தத்தை இளக்கும் மாத்திரை ஆகியவற்றை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதித் தாமதம் குறையும்.

பாதி மூட்டா, முழு மூட்டா என்று மருத்துவமனையில் கேட்பார்கள். பந்தை மட்டும் மாற்றுவது பாதி. கிண்ணத்தையும் சேர்த்து மாற்றுவது முழுது. கழுத்து விலகி முறிந்த ஏறத்தாழ 1,500 பேரிடம் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குள் மறு அறுவை தேவைப்பட்டோர் இரு சாராரிலும் ஏறக்குறைய சமமாகவே இருந்தனர். முழு மூட்டின் கூடுதல் பயன் சிறிதளவே. வீட்டுக்குள் மட்டும் நடமாடும் எண்பது வயது மூதாட்டிக்கு நகையை விற்று முழு மூட்டு வைக்கவேண்டுமென்று எவரேனும் வற்புறுத்தினால், "ஏன்?" என்று கேளுங்கள். கடைவீதிக்குச் சென்றுவரும் அறுபத்தைந்து வயதுக்காரருக்கு அதே முழு மூட்டு பொருத்தமாக இருக்கலாம்.

செலவுக்கு அஞ்சுவோர், 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை விசாரியுங்கள். தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. தனியார் மருத்துவமனையானால் இந்த அறுவை அங்கே அத்திட்டத்தில் அடங்குமா என்று சேருமுன் கேட்டுவிடுங்கள். விருதுநகரில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனை உண்டு.

மத்ரஸாவுக்கு வந்து என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் வேறு. ஆண் மருத்துவர் தொடலாமா? பெண் மருத்துவர் கிடைத்தால் நன்று. கிடைக்காதபோது அவசியத்தின் அளவுக்கு மார்க்கம் அனுமதிக்கிறது. இத்தாவிலிருக்கும் விதவை மருத்துவமனைக்குச் செல்லலாமா? தாராளமாகச் செல்லலாம். உடலுக்குள் உலோகத்தோடு மவுத்தானால் குளிப்பாட்டும்போது அதை எடுக்கவேண்டுமா? வேண்டாம், மையித்தின் உடலைக் கீறுவதே கூடாது. தொழுகை? மூட்டு மாற்றியவர் மருத்துவர் அனுமதிக்கும்வரை தரையில் சம்மணமிட்டு அமர்வதும் தாழக் குனிவதும் ஆகாது, மூட்டு கழன்றுவிடக்கூடும். உயரமான நாற்காலியில் அமர்ந்து, சுஜூதுக்குச் சைகையாகத் தலையைத் தாழ்த்தித் தொழட்டும். "தரையில் தொழாவிட்டால் மனம் நிறையவில்லை" என்று அழும் மூதாட்டியரிடம் சலுகையும் அல்லாஹ் தந்ததே என்று வீட்டிலுள்ள பிள்ளைகள் பொறுமையாகச் சொல்லுங்கள். கழிப்பறையிலும் குந்தி அமராதபடி உயர இருக்கை போட்டு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் பதித்துவிடுங்கள். இரவு முழுதும் அங்கே ஒரு சிறு விளக்கு எரியட்டும்.