கேமராவோடு வரும் பிள்ளைகளுக்குக் கரிசல் காட்டையும் காட்டுங்கள்

பொங்கலுக்குச் சென்னை, பெங்களூருவிலிருந்து ஊருக்கு வரும் பிள்ளைகள் பலர் இப்போது பெரிய லென்ஸ் வைத்த கேமராவோடு வருகிறார்கள். மறுநாளே பைக்கை எடுத்துக்கொண்டு கூந்தன்குளம் கிளம்பிவிடுகிறார்கள். போகட்டும். 1994-ல் சரணாலயமான அந்த ஊரில், வீட்டு மரத்தில் கூடு கட்டும் பறவையைக்கூட யாரும் விரட்டுவதில்லை. பார்க்க வேண்டிய ஊர்தான். ஆனால் ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், புதூர் பக்கத்து மானாவாரிக் காட்டில் என்ன வந்து இறங்குகிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நாமும் நின்று பார்ப்பதில்லை.

சூறைக்குருவியையே எடுத்துக்கொள்வோம். கருந்தலை, ரோஜா நிற உடல், கூட்டம் கூட்டமாக வரும். மத்திய ஆசியாவிலிருந்து வருகிறது. கம்பு, சோளக் கதிரைத் தின்னும் என்பது உண்மை, அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. அதே குருவி உளுந்து, பாசி, பருத்தியில் இறங்கினால் புழுவையும் வெட்டுக்கிளியையும் பொறுக்குகிறது. சீனாவின் ஸின்ஜியாங்கில் வெட்டுக்கிளியைக் கட்டுப்படுத்த, இது கூடு வைப்பதற்கென்றே கற்குவியல் அமைத்துக் கொடுக்கிறார்கள். நாம் பறவை தாங்கி வைக்கக்கூட யோசிக்கிறோம். ஏக்கருக்கு 20 குச்சி போதும். கரிச்சான் முதலில் வந்து உட்காரும். கம்பு, சோளத்தில் பால் பிடிக்கும்போது மட்டும் குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும்.

பருந்து என்றாலே நமக்குக் கோழிக்குஞ்சு நினைப்புதான். பனிக்காலத்தில் வரும் பூனைப்பருந்து வெட்டுக்கிளியையும் எலியையும் தேடித் தாழப் பறப்பது. இரவில் தரிசுப் புல்லில், தரையிலேயே அடையும். தை, மாசியில் தரிசுக்குத் தீ வைப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மயில் கணக்கு வேறு. அதனால் வரும் நஷ்டத்துக்கு இழப்பீடு கேட்பது நியாயமே. ஆனால் விஷம் கலந்த தானியம் மயிலோடு நிற்பதில்லை. கவுதாரியும் காடையும் அதே வரப்பில்தான் மேய்கின்றன.

படம் எடுக்க வருகிறவர்களிடமும் குறை உண்டு. கூட்டமாகப் பறக்கும் படம் வேண்டும் என்று கல்லெறிகிறார்கள். காய் பிடித்த உளுந்துக்குள் செருப்புக் காலோடு இறங்குகிறார்கள். வரப்பில் நில்லுங்கள் என்று நாம்தான் சொல்ல வேண்டும், அதில் கூச்சம் வேண்டாம்.

தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். மானாவாரிப் பயிர்க்காட்டுக்கும் அப்படியொரு கணக்கு வேண்டும். எந்தத் தேதி, எந்தப் பயிர், எந்தப் பறவை, அலகில் என்ன என்று குறித்தால் போதும். அலகில் காய்ப்புழுவோடு ஒரு கரிச்சான் படம், அதுவும் பக்கத்துப் புஞ்சையில் எடுத்தது, வேளாண் கூட்டத்தில் கொடுக்கும் பத்துத் துண்டுப் பிரசுரத்தைவிட அதிகம் பேசும். வேளாண் உதவி அலுவலர்கள் அந்தப் படங்களைக் கேட்டு வாங்கி வைக்கலாம்.

காலை வெயில் ஏறுவதற்குள் அழைத்துப் போங்கள். சூறைக்குருவி சித்திரை வாக்கில் கிளம்பிவிடும்.