வேலை செய்யாதவள் என்று எழுதியது யார்?

சாலை விபத்தில் ஓர் இல்லத்தரசி இறந்துபோனால் அவளுடைய உழைப்புக்கு என்ன விலை? மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994இல் சேர்த்த இரண்டாம் அட்டவணை இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தது: கணவனின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒரே சாம்பார்தான். அதிகாரி வீட்டில் கொதித்தால் ஒரு விலை, சுமைதூக்குபவர் வீட்டில் கொதித்தால் வேறு விலை. இந்த மூன்றில் ஒன்று எந்த ஆய்விலிருந்து வந்தது என்று அட்டவணை சொல்லவில்லை.

2010இல் அருண்குமார் அகர்வால் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. இறந்த பெண் சம்பாதிக்கவில்லை என்று காரணம் காட்டி, தீர்ப்பாயம் தான் போட்ட கணக்கைத் தானே வெட்டி இரண்டரை லட்சம் கொடுத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஆறு லட்சமாக்கியது. தீர்ப்பில் நீதிபதி கங்குலி ஒரு விஷயத்தைச் சுட்டினார்: 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏறக்குறைய 36 கோடிப் பெண்களை ‘உழைக்காதோர்’ பட்டியலில், பிச்சையெடுப்போர், பாலியல் தொழிலாளர், சிறைக் கைதிகளோடு சேர்த்திருந்தது. இதைப் படித்துவிட்டு ‘அவர்களோடா நம்மைச் சேர்த்தார்கள்?’ என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாலியல் தொழிலாளியும் உழைப்பவர்தான். அவரையும் என் அம்மாவையும் ஒருசேர உழைக்காதவர்கள் என்று எழுதியதுதான் என் சண்டை.

எழுதியது யார்? ஆணாதிக்கம் என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. அறைகளில் உட்கார்ந்து, படித்தவர்கள் வகுத்த வரையறை அது. வேறுவிதமாக எண்ணும் வழியும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. 1998–99இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. ஒரு நாளின் 24 மணி நேரமும் எதில் போகிறது என்று கேட்ட கணக்கெடுப்பு. நாடு முழுவதற்கும் அதை எடுக்க 2019வரை ஆயிற்று. இருபது ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் இறந்த பெண்களின் வழக்குகள் இந்த எண்கள் இல்லாமலேயே நடந்தன.

எண் வந்ததும் என்ன நடந்தது பாருங்கள். வீட்டாருக்காகச் செய்யும் ஊதியமில்லா வேலையில் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடங்கள், ஆண்கள் 97 நிமிடங்கள். 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் நீதிபதி ரமணா இந்த எண்களை எடுத்து எழுதி, வீட்டுவேலைக்கு வருமானம் கணிப்பது கருணை இல்லை, உரிமை என்ற திசையில் சட்டத்தை நகர்த்தினார். வீட்டு உழைப்புக்கு விலை வைத்தால் பெண்ணை அடுப்படியில் ஆணியடித்ததாகிவிடும் என்று நம்மிலேயே சிலர் சொல்கிறார்கள். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் விலையே வைக்காத காலத்தில் அவள் அடுப்படியைவிட்டு வெளியேறிவிடவும் இல்லையே!

போக்குவரத்துக்கு வருவோம். வேலைக்கு எவ்வளவு தூரம் போகிறீர்கள், எதில் போகிறீர்கள் என்று 2011 கணக்கெடுப்பு கேட்டது. யாரிடம்? ‘இதர தொழிலாளர்’ என்ற வகையினரிடம் மட்டும். விவசாயக் கூலிப் பெண்ணிடம் கேட்கவில்லை. வீட்டில் பீடி சுற்றுபவரிடம் கேட்கவில்லை. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, ரேஷன் கடையில் நின்று, மாமியாருக்கு அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கித் திரும்புகிறவளிடம் கேட்கவே இல்லை. அவள் நாள் முழுக்க நடக்கிறாள், ஆனால் அந்தக் கணக்கில் பயணமே செய்யவில்லை. சாலையும் பேருந்துத் தடமும் திட்டமிடுபவர்கள் எடுத்துப் பார்க்கும் அட்டவணைகளில் இதுவும் ஒன்று.

வேடிக்கை என்னவென்றால், அவளிடம் கேட்டவர்கள் பக்கத்துத் துறையிலேயே இருக்கிறார்கள். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு, மருத்துவம் பார்க்கப் போவதற்கு வண்டி கிடைப்பது சிரமமா, தூரம் சிரமமா, தனியாகப் போக வீட்டில் விடுகிறார்களா என்று பெண்களிடம் கேட்கிறது. இதைவிட நேரடியான போக்குவரத்துக் கேள்வி உண்டா? ஆனால் அந்தப் பதில்கள் சுகாதார அறிக்கைகளுக்குள்ளேயே படுத்துக் கிடக்கின்றன. சட்டம், சுகாதாரம், போக்குவரத்து, சமூகவியல் என்று நாலு துறைகள் ஒரே பெண்ணைக் கூறுபோட்டு வைத்துக்கொண்டு, முழு ஆளாக அவளைக் காணோம் என்கின்றன. ‘தரவு இல்லை’ என்று கருத்தரங்கில் யாராவது சொன்னால் நான் நம்புவதை நிறுத்தி நாளாயிற்று.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. அதற்குள் ‘ஓசி’ என்ற சொல் ஊரெல்லாம் பரவிவிட்டது. சம்பளமில்லாமல் தினம் ஐந்து மணி நேரம் உழைப்பவள் ஏறும்போது மட்டும் ஓசி. அவள் கையால் இத்தனை ஆண்டுகள் சாப்பிட்டவர்களுக்கு என்ன பெயர்?

ஆய்வு செய்யும் மாணவிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். ‘பாலினம்’ என்று ஆறாவது இயலைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நெறியாளர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் இயலின் வரையறையில் கைவையுங்கள். ‘தொழிலாளர்’ யார், ‘பயணம்’ எது, ‘குடும்பத் தலைவர்’ எதற்கு என்று அங்கேயே கேளுங்கள்.

2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போயிருக்கிறது. பயணத்தைப் பற்றிய கேள்வியை வீட்டிலுள்ள எல்லோரிடமும் கேட்க வேண்டும், வேலைக்குப் போகும் பயணம் என்று சுருக்கக் கூடாது. கணக்கெடுப்பவர் வாசலில் நிற்கும்போது, “அவ சும்மா வீட்லதான் இருக்கா” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். அந்தப் பதிலை எழுதவிடாதீர்கள். வெளியே வந்து நீங்களே சொல்லுங்கள்.