உராய்வு என்கிற தணிக்கை
ஜூன் 25 வந்தால் நாளேடுகள் நெருக்கடி நிலையை எண்ணி உருகுகின்றன. உருகட்டும். விருதுநகரின் காமராசர் 1975இல் அதை எதிர்த்துப் பேசியதைத் தணிக்கை அமுக்கியது. 1976இல் மிசாவில் கைதானவர்களை, 'அண்ணா நினைவிடத்துக்கு வர இயலாதோர்' என்றுதான் முரசொலியால் பட்டியலிட முடிந்தது.

இந்திராவுக்கு ஓர் உத்தரவாவது தேவைப்பட்டது. 2012 செப்டம்பர் 5, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 40 பேரளவில் செத்தார்கள். அதன்பிறகும் எத்தனையோ வெடிப்புகள். பெரும்பாலான செய்திகள் 'உராய்வினால் விபத்து, போர்மேன் கைது' என்பதோடு முடிகின்றன. உராய்வுக்குச் சாதியும் இல்லை, முதலாளியும் இல்லை, வசதிதான்! உள்குத்தகை யார் பெயரில்? எந்தக் காலனியிலிருந்து வேனில் ஆள் ஏற்றினார்கள்? எந்தத் தணிக்கை அதிகாரியும் தடுக்காத இந்தக் கேள்விகளை, அடுத்த வெடிப்புக்கு வரும் நிருபரிடம் நான் கேட்பேன். நீங்களும் கேளுங்கள்.